மூன்று விழுக்காடு பெத்தி வெர்தோ

1.

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை முற்பகல், பிரான்சின் போர்தோ வட்டாரத்தில், ஆற்றின் வலக்கரையில், லக்கசாஞ் வீட்டு நிலவறையில் முந்தைய அறுவடையின் சிவப்பு ஒயினுக்கான கலப்பு, அதாவது எந்தத் திராட்சை ஒயின் எவ்வளவு என்பது, முடிவு செய்யப்பட்டது. மேசையில் நால்வர்: தோட்டப் பொறுப்பாளர் ஓடில், அவளுடைய அண்ணன் ரெஜீஸ், அவர் மனைவி மிரேய், அண்டை வீட்டுக்காரியான நான். இக்கதை அங்கே பிறந்தது. ஓடில் அனுமதித்த பின்னரே எழுதுகிறேன்.

2.

[ஓடில் காத்திருந்தாள், வெயிலுக்காகக் கொடி காத்திருப்பதைப் போல—]

உவமை தேவையில்லை, அடித்துவிட்டேன். நேராகச் சொல்கிறேன்.

ஓடிலுடன் வாழ்ந்த ஜோயெல் இடக்கரைக்காரர். எங்கள் கரையில் மெர்லோ திராட்சையை நம்புவோம். துணைக்குக் கபெர்னே ஃபிரான். அவரோ தம் ஊர்க் கொடியான பெத்தி வெர்தோவைப் பள்ளத்து ஓரத்தில் நட்டார். எல்லாத் திராட்சைக்கும் பின்னால் பழுப்பது அது. எங்கள் பக்கம் பெரும்பாலும் பழுப்பதே இல்லை. சில ஆண்டுகளில் அவர் சிலி நாட்டுக்குப் புறப்பட்டார். "இது பழுக்கிற வருஷம் வந்து உன்னோட குடிக்கிறேன்" என்றார்.

2022 கோடை கொளுத்தியது. பழுத்தது. ஒரே ஒரு பீப்பாய். ஓடில் செய்தி அனுப்பினாள். "வர்றேன்" என்று பதில் வந்தது. குளிர்காலம் முடிந்தது; அவர் வரவில்லை.

3.

'கலப்பு' என்ற சொல்லில் எனக்கு முழு நிறைவில்லை. 'கலப்படம்' என்று எழுதினால் ரெஜீஸ் வழக்குத் தொடுப்பார். இலக்கணத்தில் இதற்குப் புணர்ச்சி என்று பெயர். நிலைமொழியோடு வருமொழி சேர்கையில் ஓரெழுத்து தோன்றலாம், திரியலாம், கெடலாம். மரமும் வேரும் சேர்ந்தால் மரவேர். மகரமெய் எங்கே போயிற்று என்று எவரும் கேட்பதில்லை.

ஓடில் கேட்டாள்.

4.

"அந்தப் பீப்பாயை என்ன பண்றதா உத்தேசம்?" என்றார் ரெஜீஸ்.

"அது தனியா இருக்கட்டும்."

"தனியாக் குடிச்சா பல்லு கறுத்துப்போகும். அதுக்குக் கூட்டாளி வேணும்."

"இந்தக் கரையில அது பழுத்தா உன் வழுக்கையில முடி முளைக்கும்னு நீதானே சொன்ன?"

மிரேய் கணவரின் தலையைத் தடவிப் பார்த்தாள். "ஒண்ணையும் காணோமே!"

"கையை எடு! ஓடில், வீட்டு வழக்கப்படியே போவோம். எது எதுன்னு தெரியாம ருசி பாரு. நீ காட்டுறதுதான் முடிவு. அப்புறம் மாத்தக் கூடாது."

"எனக்கா அது தெரியாம போகும்?"

குளிர்காலம் முழுவதும் அதைத் தனியே சுவைத்தவள் அவள். அதன் முரட்டுத்தனத்தை, கருநீல நிறத்தை, நாக்கைப் பிடித்திழுக்கும் துவர்ப்பை அறிவாள். அது இருக்கும் கிண்ணத்தைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவது என்பதே அவள் திட்டம். மிரேய் திரும்பி நின்று இரு கிண்ணங்களில் இரு மாதிரிக் கலப்புகளை ஊற்றினாள். ஒன்றில் பெத்தி வெர்தோ உண்டு, மற்றதில் இல்லை.

முதலாவதில் ஏதோ விட்டுப்போயிருந்தது, நடுவில் பள்ளம். அந்நியன் நுழைந்து குலைத்தது போலும் என்று ஓடில் எண்ணினாள். இரண்டாவது முழுமையாக இருந்தது. எங்கும் தையல் தெரியவில்லை. அவள் கண்ணை மூடி மறுபடியும் பருகினாள்.

"இதுதான்," என்றாள். "இதுல அவர் இல்ல."

'அது' என்று சொல்ல வேண்டிய இடம். எவரும் திருத்தவில்லை, நானும்தான்.

"இதுலதாம்மா இருக்கு," என்றாள் மிரேய், மெல்ல.

5.

[அன்று மாலை வாசலில் ஒரு வாடகைக் கார்—]

இல்லை. அவரை வரவழைக்க எனக்கு உரிமையில்லை.

[ஓடில் ஒரே ஒரு புட்டியை மட்டும் ஒளித்து—]

கேட்டேன். "அப்படி எழுதாதீங்க. நான் எடுத்து வைக்கல" என்றாள். வேறு முடிவு விரும்பும் வாசகர் தாமே எழுதிக்கொள்ளலாம். ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதவும்.

முடிவானது இது: மெர்லோ எழுபத்திரண்டு, கபெர்னே ஃபிரான் இருபத்தைந்து, பெத்தி வெர்தோ மூன்று விழுக்காடு. வியாழனன்று அந்தப் பீப்பாயைக் கலப்புத் தொட்டியில் இறக்க ஓடிலே குழாயைப் பிடித்தாள். பள்ளத்து ஓரக் கொடிகளைப் பிடுங்குவதில்லை என்றும் முடிவாயிற்று. முன்மொழிந்தவர் ரெஜீஸ்.