பதின்மூன்று மாதக் குரல்

ஒப்பந்தம் முடியும் முன்பே வேலையை விடுகிற ஆங்கில ஆசிரியர்கள் தங்கள் குரலைப் பள்ளியிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். மிச்சமுள்ள மாதங்களுக்குக் குரல் பாடம் நடத்தும். என் இரண்டு வருட ஒப்பந்தத்தின் பதினொன்றாம் பக்கத்தில் இது இருந்தது. நாகர்கோவிலில் கையெழுத்துப் போட்டபோது ஏஜென்ட் எச்சில் தொட்டு அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, எல்லாப் பக்கத்தையும் அப்படித்தான் புரட்டினார்.

வருடத்தில் எட்டு மாதம் பனி கொட்டுகிற ஊர் அது. நான் சேர்ந்தபோதே பள்ளியில் மூன்று குரல்கள் வேலை பார்த்தன. மாடியில் இலக்கணம் எடுத்த குரல் ஓர் ஐரிஷ்காரருடையது. ஆள் குளிர் தாங்காமல் ஓடிவிட்டார். குரல் ஒரு நாள்கூட லீவு போடாமல் வந்தது. ஆள் இல்லாததால் சிகரெட்டும் இல்லை, இருமல் நின்று நன்றாகத் தேறிவிட்டது என்றார்கள். மதியச் சாப்பாட்டின்போது என் பக்கத்து நாற்காலியிலிருந்து வானிலையைப் பற்றிப் பேசும். மரியாதையான குரல்.

நான் வேலையை விட்டது என் மகள் ஜெனிலாவுக்காக. இரண்டரை வயதில் அவளைக் கணவர் செல்வினிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். அந்த ஊரிலிருந்து போனில் படம் போகாது, குரல் மட்டும்தான் போகும். ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குப் பேசுவேன். பதினோராவது மாதம் பிளே ஸ்கூலில் அம்மாவை வரையச் சொன்னார்கள். ஜெனிலா ஒரு போனை வரைந்து அதற்கு இரண்டு கால் போட்டாள். செல்வின் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றே ராஜினாமாக் கடிதம் எழுதினேன்.

தலைமையாசிரியை வருத்தப்பட்டார், ஆனால் தடுக்கவில்லை. வருகைப் பதிவேட்டை ஒருமுறை முழுக்க வாசிக்கச் சொன்னார். முப்பத்தோராவது பெயரை வாசித்து வாயை மூடினேன். அதற்குப் பிறகு குரல் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தது. "நன்றி, பெர்லின்" என்று என் பெயரை அவர் அந்தப் பக்கம் பார்த்தே சொன்னார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

ஒரே ஒரு தப்பு செய்துவிட்டேன். எதையும் அட்டவணை போட்டுச் செய்கிற ஆள் நான். வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருந்த என் வார அட்டவணையின் கடைசி வரியில், 'ஞாயிறு காலை பத்து மணி, வீட்டுக்குப் போன்' என்று எழுதியிருந்தேன். அதை அடிக்க மறந்துபோனேன்.

வீட்டு வாசலில் ஜெனிலா என்னை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"இது ஆருப்பா?"

"அம்மால்லா மக்ளே."

"அம்மா போன்லல்லா இருக்கா?"

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. ஜெனிலா சிறிது நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, என்னை ஆன்ட்டி என்று கூப்பிட முடிவு செய்தாள். தற்சமயத்துக்கு அதுவே நல்லது என்று செல்வினும் சொன்னார்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் போன் வந்தது. என் குரல்தான்.

"அம்மா, நம்ம வீட்டுக்கு ஒரு ஆன்ட்டி வந்திருக்காவ" என்றாள் ஜெனிலா. "பேசவே மாட்டாவ. ஆனா புட்டு நல்லா அவிப்பாவ."

"உன்னை அடிக்காளா மக்ளே?"

"இல்ல."

"தலை வாரி விடுதாளா?"

"ரெட்டச் சடை."

"அப்போ நல்லவதான்" என்றது குரல்.

நான் அடுக்களையில் நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். என் குரல் மேலேயே எனக்குப் பொறாமை வந்தது. நான் குளிப்பாட்டி, சோறூட்டி, காய்ச்சலுக்கு நெற்றியில் துணி போட்டு விடிய விடிய உட்கார்ந்திருக்க, அது வாரத்துக்குப் பத்து நிமிடம் பேசிவிட்டு அம்மா என்ற பெயரைத் தட்டிக்கொண்டு போனது. அழுதேன். சத்தம் வராததால் யாருக்கும் தொந்தரவில்லை.

பதின்மூன்று மாதம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். காலண்டரில் கடைசி ஞாயிறைச் சிவப்பு மையில் சுழித்திருந்தேன். அன்று போன் வந்தபோது செல்வின் ஸ்பீக்கரில் போட்டார். இங்கிலீஷ் துறைக்கு என்னைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள், இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒத்துக்கொண்டேன் என்றது குரல். கை இல்லாதவர்கள் அங்கே 'சரி' என்று சொன்னாலே கையெழுத்துப் போட்ட மாதிரி.

செல்வின் என்னைப் பார்த்தார். "நீ ஒண்ணும் சொல்லலியா?"

நான் வேகமாகத் தலையாட்டி மறுத்தேன்.

"அவளுக்கு இஷ்டம் இல்லியாம்" என்றார் போனில்.

"அத அவ அப்பவே சொல்லியிருக்கணும்" என்றது என் குரல். பதினொன்றாம் பக்கத்தைப் படிக்காதவள் நான்தான்.

ஜெனிலா போனைப் பிடுங்கினாள். அப்போது அவளுக்கு நாலரை வயது. "அப்போ நீ அங்கேயே இரும்மா. இங்க ஆன்ட்டி இருக்காவ" என்றாள்.

எதற்கும் பதில் வைத்திருக்கிற என் குரல் அப்படியே நின்றுவிட்டது. அது வாயடைத்துப் போனதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். சற்றுப் பொறுத்து, "சரி மக்ளே" என்று போனை வைத்தது. அதன் மேல் எனக்குப் பரிதாபமாக இருந்தது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தொண்டையில் நமைச்சல் எடுத்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"முளைக்குது. பால்குரல். மொதல்ல மழலையாத்தான் வரும். சுக்குத்தண்ணி குடுங்க" என்று செல்வினிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் ஜெனிலா என்னைத் தரையில் உட்காரவைத்து எதிரில் சம்மணம் போட்டாள். என் உதட்டை விரலால் குவித்தும் விரித்தும் பழக்கினாள். முதல் வாரம் வெறும் எச்சில்தான் வடிந்தது. தன் பாவாடையால் துடைத்துவிட்டாள். எட்டாம் நாள் என் வாயிலிருந்து முதல் சொல் வந்தது.

"அம்மா."

"என்ன மக்ளே?" என்றாள் ஜெனிலா.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. ஜெனிலா ஒன்றாம் வகுப்பு. என் கையைப் பிடித்து எல்.கே.ஜி. அறைக்கு அழைத்துப்போனாள். டீச்சர் என்னை வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டேன். வயது சரியாக இருக்கிறது என்று சேர்க்கைப் புத்தகத்தைத் திறந்தார்.

"இவ உனக்கு என்ன வேணும்?" என்று ஜெனிலாவைக் கேட்டார்.

"எங்க அம்மா" என்றாள் ஜெனிலா. "இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கா. கொஞ்சம் பாத்துக்கிடுங்க டீச்சர்."

டீச்சர் அதை அப்படியே எழுதிக்கொண்டு, என்னை இரண்டாவது வரிசையில் உட்காரவைத்தார்.