அக்கராயனுக்குப் போன பந்து

14.06.2024, வெள்ளி

இந்தக் கதையின் நேற்றைய பிரதியில் நிஷாந்தன் அண்ணாவை முன்கள வீரர் என்று எழுதிவிட்டேன். அவர் கால்பந்தில் மத்தியகள வீரர். பன்னிரண்டு வருடங்கள், ஏழு கழகங்கள், நான்கு கோல்கள். திருத்திவிட்டேன்.

1

இது கதையாகத் தொடங்கவில்லை. அக்கராயனில் அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். நான் கிளிநொச்சியில் மாலை வகுப்புக்குப் போய் எழுதப் பழகுகிறேன் என்பதால், தான் சம்பளத்துக்கு ஆடும் வவுனியாக் கழகத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதித் தரக் கேட்டார். அவரை அடுத்த பருவத்துக்கும் வைத்திருப்பதா என்று கழகம் நாளை மாலை கூடி முடிவெடுக்கும். முப்பத்துமூன்று வயதில் எட்டாவது கழகம் கிடைப்பது கடினம்.

2

முதல் தொடக்கம்: 'வெயில் தகித்த மைதானத்தில்...' (வேண்டாம். அன்று மழை தூறியது.)

இரண்டாவது: வவுனியாவுக்காகச் சொந்த ஊருக்கு எதிராக ஆடினார். எழுபத்தோராவது நிமிடம், பந்து அவர் காலில். பின்னாலிருந்து ஒரு குரல்: "டேய் நிசா, இஞ்சால!" திரும்பிப் பாராமலே தட்டிவிட்டார். கூப்பிட்டவர் யோகலிங்கம், அக்கராயன் அணி, பள்ளிக்கூடக் காலத்திலிருந்து இவரோடு ஆடியவர். அது கோலானது. வவுனியா தோற்றது. வேண்டுமென்றே கொடுத்தாரோ என்று கழகத்துக்குச் சந்தேகம்.*

* யோகலிங்கம் திட்டமிட்டுக் கூப்பிட்டதாக எழுதியிருந்தேன். கேட்டபோது, "பகிடிக்குத்தான் கூப்பிட்டனான், பிள்ளை. அவன் தருவான் எண்டு ஆர் கண்டது?" என்றார்.

3

இந்த இடத்தில் என் பாத்திரத்தை நானே நம்பவில்லை. வேண்டுமென்றே கொடுத்தாரோ? வகுப்பில் வாசித்தால் அதுதான் நல்ல திருப்பம். (அவருடைய வயிற்றில் அடிக்கும் திருப்பம்.)

இன்று பின்னேரம் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். 'எதிரணி வீரரின் குரல் என்று தெரியாமல் கொடுத்துவிட்டேன்' என்ற வரியில் மறித்தார்.

"தங்கச்சி, அதை வெட்டுங்கோ."

"அண்ணா, அது இருந்தாத்தான் உங்களை வைச்சிருப்பினம்."

"அவன்ர குரல் எனக்குத் தெரியாதே? தெரிஞ்சபடியாத்தான் கால் போனது."

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி மேனுகா அக்கா: "ஏழு கழகத்துக்கு விளையாடினவர். கால் மட்டும் அக்கராயனை விட்டு வெளிக்கிடேல்லை!"

அவரும் சிரித்தார். பிறகு சொன்னார்: "வேணுமெண்டு குடுக்கேல்லை எண்டும் எழுதுங்கோ. ரெண்டும் உண்மை."

4

முடிவு அ: கழகம் நம்புகிறது.

முடிவு ஆ: கழகம் அவரை... (எழுத முடியவில்லை.)

வாசிப்பவரே, அந்தக் கூட்டத்தில் நீங்கள் இருந்தால் குரல் தெரிந்தது, ஆனால் வேண்டுமென்று கொடுக்கவில்லை என்ற இரண்டையும் சேர்த்து நம்புவீர்களா? நான் நம்புகிறேன். ஆனால் எனக்கு அங்கே வாக்கு இல்லை.

அவர் வெட்டச் சொன்ன வரியை வெட்டி, அந்த இரண்டையும் எழுதிவிட்டேன்.

நாளை காலை: கடிதத்தை நல்ல பிரதியாக எழுதி, அவரிடம் கையொப்பம் வாங்கி, பத்து மணி பஸ்ஸில் வவுனியாவுக்குக் கொடுத்துவிட வேண்டும்.