பத்தடி முன்னால்

...திரும்பிப் பார்க்கக் கூடாது, அது அவளே போட்ட சட்டம், மஞ்சள் குடையை விரித்துக்கொண்டு அவள் பத்தடி முன்னால் நடப்பாள், வருகிறவர் யாரோ எவரோ போலப் பின்னால் வருவார், மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து மேட்டிலிருக்கிற கிளினிக் வாசல்வரை ஒரு பேச்சும் இல்லை, கண்டியில் எந்தத் தெருவில் எந்தக் கண் இருக்கும் என்று யார் கண்டது, ஒன்பது வருஷமாய் இப்படித்தான் எத்தனையோ பேரை அந்த மேட்டில் ஏற்றியிருக்கிறாள் ஸுமைரா, ஆனால் இன்று வருகிறவன் மோகனராஜ், இரண்டு மாதமாய் எச்.ஐ.வி. மாத்திரையை விட்டவன், சேர்ட்டுக்குள் ஆளையே காணோம், இன்றும் வராமல் விட்டால்... வேண்டாம், அதை நினைக்காதே, செருப்புச் சத்தத்தைக் கேள், தேய்ந்த ரப்பர் செருப்பு, சப்பு சப்பென்று, ஆம், வருகிறான் பிள்ளை.

மாத்திரைப் போத்தலை அலுமாரிக்குள் அண்ணன் கண்ட நாளிலிருந்து அவனுக்கு வீட்டில் சாப்பிடத் தனிப் பீங்கான், உட்காரத் தனிக் கதிரை, அண்ணன் மகள் மடியேற வந்தால் அண்ணி இழுத்துக்கொள்கிறாளாம், நாவலப்பிட்டிக்கே தேடிப் போய் ஸ்டேஷன் வாங்குப் பலகையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் பாதி குடித்து வைத்த பிளேன்டீயை இவள் எடுத்துக் குடித்த பிறகல்லவா அவன் வாய் திறந்தது... "என்னையத் தெரியும்னு சொல்றதுக்கு ஒங்களத் தவிர ஆளில்லக்கா, வாறேன்." அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை பஸ், எத்தனை நாள்.

மருந்துக்கடை வாசலில் சகீனா, கட்டுகஸ்தோட்டையில் பக்கத்து வீடு, பெருநாளைக்கு வட்டிலப்பம் அனுப்புகிறவள், தெருவுக்கே கேட்கிற குரல்... "எங்க ஸுமைரா, அந்தக் கிளினிக்குக்கா? இன்னக்கி ஆரப் புடிச்சிட்டுப் போறீங்க? அங்க தொட்ட கையோட எங்கூட்டுப் புள்ளையளத் தொட்டிராதீங்க." சிரிக்கிறாள், பாசமாய்த்தான் சிரிக்கிறாள், அதற்குப் பதில் சொல்லத் தெரியாதவளா இவள், தொட்டால் ஒட்டாது, வெட்கப்பட ஒன்றுமில்லை என்று போன கிழமைகூட மைக் பிடித்துப் பேசிய வாய்தானே, அந்த வாய்தான் சொல்லிற்று:

"ஆருமில்ல சகீனா, நான் தனியத்தான் போறேன்."

அவனைக் காப்பாற்றத்தானே சொன்னது, சட்டம் அப்படித்தானே... ஆனால் கொஞ்சம் உரத்துச் சொல்லிவிட்டோமோ, பத்தடி என்ன தூரம், கேட்டிருக்கும், கேட்டிருப்பான், செருப்புச் சத்தம் எங்கே, பஸ் இரைகிறது, தூறல் குடையில் விழுகிறது, அது சப்பென்ற சத்தமா தண்ணீரா, திரும்பினால் சகீனாவின் கண் அவன்மேல் விழும், நட, மேடு முடியட்டும், யா அல்லாஹ், ஒரு தரம் இருமிக்காட்ட மாட்டானா...

வாசல் வந்துவிட்டது. இங்கே சகீனா இல்லை, ஒருவரும் இல்லை, இனித் திரும்பலாம், யார் தடுப்பது, ஆனாலும் கழுத்து அசையவில்லை, ஜன்னலுக்குள்ளிருந்து நர்ஸ் மிஸ்ஸி தலையை நீட்டி இவளைத் தாண்டிப் பாதையைப் பார்க்கிறாள், பார்த்துக்கொண்டே இருக்கிறாள், ஆளைத் தேடுகிறவள்போல... இத்தனை வருஷத்தில் இந்த மேட்டில் ஏறி வரும்போது ஒருவரின் முகத்தையும் தான் பார்த்ததில்லை என்பது இப்போதுதான் உறைத்தது ஸுமைராவுக்கு, வந்தவர்கள் எல்லோரும், பாவம், வழி நெடுக இவள் முதுகைத்தானே பார்த்துக்கொண்டு வந்திருப்பார்கள்...