நூற்று அறுபது கிலோவுக்கான அப்சோபர்

1.

இந்தக் கதை, உலு திராமில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஜெயபாலன் அண்ணன் அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் கேள்வியிலிருந்து வந்தது: ‘வண்டி பின்னாடி எப்பவும் எவ்ளோ கிலோ இருக்கும்?’

கேள்வி எனக்குத்தான் வந்தது. பதில் தெரியாததால், தயானந்தன் என்று ஒருவனை உண்டாக்கி அவன் தலையில் கட்டிவிட்டேன். இன்று மாலை ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டுமாம். இப்போது மணி மூன்று.

2.

முதல் தொடக்கம்: ‘தெப்ராவ் நெடுஞ்சாலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.’ கொட்டவில்லை. நல்ல வெயில். நீக்கம்.

இரண்டாவது: ‘சுகந்தினி இறந்த அன்று அந்த வண்டி’

முடிக்க வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

மூன்றாவது: ‘பெர்மாஸ் ஜெயாவில் தயானந்தன் வீட்டிலிருந்து பெரிய சாலைக்குப் போவதற்குள் பதினோரு வேகத்தடைகள். ஒவ்வொன்றிலும் வண்டி “டங்” என்று இடித்தது.’ இது உண்மை. இதையே வைத்துக்கொள்வோம்.

3.

வண்டி அவன் மனைவி சுகந்தினியுடையது. சேற்றிலும் செம்பனைத் தோட்டத்துப் பாதைகளிலும் ஓட்டுவதென்றால் அவளுக்குப் பைத்தியம். தயானந்தன் பக்கத்து இருக்கையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வருகிறவன். அவள்தான் வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தினாள். அதற்கேற்ப, சக்கரத்தின் குலுக்கலை வாங்கிக்கொள்ளும் அப்சோபரை மாற்றுவதற்குள் அவளுக்கு டெங்கி வந்தது. ஐந்து நாள். எட்டு மாதமாகிறது.

(மனைவியை இழந்தவனைக் கதைக்குள் இழுப்பது பழைய தந்திரம். தெரியும். அவனை மணமாகாதவனாக்கிப் பார்த்தேன். அப்போது பின்னால் கிடக்கும் சாமான் யாருடையது என்று சொல்ல முடியவில்லை.)

உயர்த்திய வண்டிக்குப் பழைய அப்சோபர் குட்டை. சக்கரம் இறங்கும்போது தன் நீளம் முழுக்க இழுபட்டு இடிக்கும். இவ்வளவையும் கற்க அவனுக்கு மூன்று மாதம் ஆனது. சுகந்தினியின் வாட்ஸ்அப் குழுவில் நாற்பது பேர், நாற்பது தீர்ப்பு. எண்ணெய் அப்சோபர் போதும் என்றார் ஒருவர். கேஸ் அடைத்தது இல்லாமல் காட்டுக்குப் போகாதே என்றார் இன்னொருவர். வண்டியை வித்துடுங்க புரோ என்றார் மூன்றாமவர். அவன் கேட்டது அப்சோபரைப் பற்றி.

4.

இந்த இடத்தை நான் கற்பனை செய்யவில்லை.

ஜெயபாலன் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார்.

“மேல் பிராக்கெட் விரிசல் விட்ருச்சு தம்பி. இன்னும் பத்து குழி. அப்புறம் அப்சோபரக் கையில எடுத்துட்டு வருவீங்க.”

“நல்ல அப்சோபரா ஒண்ணு போட்டுருங்கண்ணே.”

“நல்லதுன்னு ஒண்ணு கிடையாது லா. பின்னாடி நூறு கிலோக்குக் கீழன்னா லைட். மேலன்னா ஹெவி. காலி வண்டிக்கு ஹெவி போட்டா ஆடு மாதிரி குதிக்கும். சாமான் வண்டிக்கு லைட் போட்டா படகு மாதிரி ஆடும்.”

“நடுவுல?”

“இருக்கு. ரெண்டுலயும் பாதி மோசம்.”

பின்கதவைத் திறந்தார். சுகந்தினி பொருத்திய இரும்பு இழுப்பறைகள், இழுவைக் கயிறுகள், கொக்கிகள், இரண்டாவது உபரிச் சக்கரம், தண்ணீர்த் தொட்டி. எல்லாம் சேர்த்து நூற்று அறுபது கிலோ. அவளே அளந்து இழுப்பறைக் கதவில் எழுதி ஒட்டியிருந்தாள்.

“இதெல்லாம் எறக்கிட்டு உயரம் அளப்போமா?”

“தொடாதீங்க.”

“சரி, அப்ப இது இருக்கும். ஹெவி.”

“அப்படியும் சொல்லல.”

“அலமாக்! இருக்குமா, இருக்காதா? சுகந்தினி இருந்திருந்தா அஞ்சு நிமிஷத்துல…” ஜெயபாலன் துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பேனரைத் துடைத்தார். “ஆர்டர் போட்டா கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான் தம்பி. யோசிச்சு சொல்லுங்க.”

5.

தயானந்தன் மீது எனக்கு எரிச்சல் வருகிறது. தினமும் தெப்ராவ் அலுவலகத்துக்குப் போய் வருகிறவனுக்கு இழுவைக் கயிறு எதற்கு? எட்டு மாதமாக ஓர் இழுப்பறையைக்கூடத் திறக்காதவன் எதைக் காவல் காக்கிறான்?

இந்தச் சாமானைத் துக்கத்தின் குறியீடாக வாசித்துத் தொலைக்காதீர்கள். அது இரும்பு. அதற்கேற்ற அப்சோபர் வேண்டும். அவ்வளவுதான்.

6.

முடிவு ஒன்று: லைட். சாமானை இறக்கி, குழுவை நடத்தும் பிரேமலாவிடம் கொடுக்கிறான். “சும்மா கெடந்தா கயிறு மக்கிரும் தயா, குடுத்துருங்க,” என்று பிரேமலா முன்பே கேட்டிருக்கிறாள். எழுதினேன். வாங்கும்போது பிரேமலா அழுதாள். நான் அழச் சொல்லவில்லை. நீக்கம்.

முடிவு இரண்டு: ஹெவி. சாமான் அங்கேயே இருக்கும். பதினோரு வேகத்தடையிலும் சத்தம் வராது. இனி ஒருபோதும் எதையும் இறக்கத் தேவையில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

முடிவு மூன்று: கெட்டிக்கார வாசகர் சொல்வார், லைட்டாகவும் ஹெவியாகவும் திருகி மாற்றுகிற அப்சோபர் இருக்கிறதே என்று. கேட்டேன். ஜெயபாலன் குரல்பதிவில் சிரித்தார். “இருக்கு தம்பி. ஆனா திருகறதுக்கு முன்னால எந்தப் பக்கம்னு நீங்க முடிவு பண்ணணும்ல?”

7.

மணி நான்கு நாற்பது.

எழுத்தை நிறுத்திவிட்டுக் கீழே போனேன். தயானந்தன் அல்ல, நான். இடப்பக்க இழுப்பறையைத் திறந்தேன். மேலே அவளுடைய பூட்ஸ். காய்ந்த சேறு. நாடா அவிழ்க்காமல் கழற்றி எறிந்திருக்கிறாள். எப்போதும் அப்படித்தான், எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். கதவில் அவள் கையெழுத்தில் இருந்த பட்டியலைப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் கிலோ போட்டிருந்தாள். பூட்ஸ் அதில் இல்லை.

மாடிக்குக் கொண்டுவந்து குளியலறைத் தராசில் வைத்தேன். முள் அசைந்ததாகத் தெரியவில்லை.

அப்சோபருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இது இங்கேயே, வாசலில் இருக்கட்டும்.

வண்டியில் இன்னும் அதே நூற்று அறுபது. இறக்கலாமா, இருக்கட்டுமா? மூன்று முடிவையும் காட்டிவிட்டேன், எனக்கு அலுத்துவிட்டது. நீங்கள் சொல்லுங்கள். ஐந்து மணிக்குள்.