பன்னிரண்டாவது படம்

பெரியவர் அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகும்போது, தம்பி மகள் மூன்றாவது முறையாக அறை வாசலில் வந்து நின்றாள்.

“பெரியப்பா, கேமரா எங்க?”

“எங்கயாவது இருக்கும். வந்தவங்களை முதல்ல கவனி.”

அவள் போகவில்லை. கூடத்தில் அவளுடைய அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் வைக்க ஒரு படம் வேண்டும். முப்பது வருடம் ஸ்டூடியோ நடத்தியவர். ஊரில் பாதிப் பேரின் முகம் அவர் கையால் பதிவானது. வீடு முழுக்கத் தேடியும் அவர் முகம் மட்டும் எதிலும் இல்லை. படம் எடுக்கலாமென்றால் எழுந்து ஓடிவிடுவார் என்று மனைவி அழுகைக்கு நடுவே சொன்னாள். மின்னலைப் படம் பிடிக்க மாடிக்குப் போகும்போது மட்டும், ஃபோகஸ் பார்ப்பதற்காக முதலில் தன்னையே ஒன்று எடுத்துக்கொள்வார். மகளுக்கு அது தெரியும். இருந்தால் அந்தக் கேமராவில்தான் இருக்கும்.

கேமரா பெரியவரின் அலமாரியில், சலவைச் சட்டைகளுக்கு அடியில் இருந்தது.

வானம் நேற்றைப் போலவே கறுத்துக்கொண்டு வந்தது. தூரத்தில் ஓர் உறுமல். பெரியவர் போய் ஜன்னலைச் சாத்தினார். இடி என்றால் அவர் டிவி வயரைப் பிடுங்கி ஜன்னல் சாத்துவது வீட்டில் எல்லோருக்கும் பழக்கம். “அண்ணாவுக்கு டிவி மேல அவ்வளவு அக்கறை” என்று தம்பி சிரிக்காமல் சொல்வான். சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் அண்ணன் பல் கிட்டிக் கிடந்ததை அறிந்தவன் அவன் ஒருவன்தான். அறுபது வருடம் யாரிடமும் மூச்சு விடவில்லை.

எங்கள் வீட்டு ஆண்கள் பொய் சொன்னதும் இல்லை, பயந்ததும் இல்லை. பெண் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் பெரியவர் சொன்ன வார்த்தை அது. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ஒரு நிமிடம் பிசகாமல் நேரம் எழுதியவர்.

நேற்று இரவு மாடியிலிருந்து தம்பி “அண்ணா” என்று கூப்பிட்டபோது மணி எட்டு ஆறு. குரல் சரியில்லை. இரண்டு படியாகத் தாவித்தான் ஏறினார். படிக்கதவு வரை கால்கள் சொன்னபடி கேட்டன. கதவைத் திறந்ததும் தெருவே வெள்ளையாக வெடித்தது. எதிர்க் கட்டடத்துக் கண்ணாடிகள், மின்கம்பிகள், நனைந்த சாலை எல்லாம் ஒரு கணம் எலும்பு மாதிரி தெரிந்து மறைந்தன. மொட்டை மாடியின் மறுகோடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தம்பி ஒருக்களித்துக் கிடந்தான். நடுவில் பன்னிரண்டு எட்டுத் தூரம். மேலே கூரை கிடையாது.

மாரடைப்பு என்ற டாக்டர் கேட்ட ஒரே கேள்வி, உடனே பார்த்தீர்களா என்பதுதான். உடனே என்றார் பெரியவர். அப்படியானால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் தம்பி மனைவி விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். கடைசி மூச்சுக்கு நீங்களாவது பக்கத்தில் இருந்தீர்களே என்று காலையிலிருந்து நான்கு தடவை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

தம்பியைத் தூக்கும்போதும் இருட்டில் அந்தக் கேமரா தானாக ‘டிக்’ என்றது. பிறகு மறுபடியும் ‘டிக்’. அப்போது புரியவில்லை. பாதி ராத்திரியில்தான் தம்பி என்றோ சொன்னது நினைவுக்கு வந்தது. பொத்தானைப் பூட்டிவிட்டால் போதும், ஒவ்வொரு படத்துக்கும் இருபது வினாடி லென்ஸைத் திறந்து வைத்து எடுத்துக்கொண்டே இருக்கும். தொட்டிக்கு அடியில் வைத்தால் நனையாது, என்ன, இடது ஓரத்தில் படிக்கதவும் படத்தில் விழும். “விழட்டும்ணா. யாராவது நடந்தாக்கூட ராத்திரியில படத்துல தெரியாது. நிக்கிறவன்தான் மாட்டுவான்.”

விடிவதற்குள் பெரியவர் முக்காலியிலிருந்து கேமராவை மட்டும் கழற்றிக்கொண்டு வந்திருந்தார். அழிக்கத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது?

“அப்பா முகம் அதுல இருக்கும் பெரியப்பா,” என்றாள் அவள். “அதுக்கு மட்டும்தான்.”

கூடத்தில் யாரோ நேரமாகிறது என்றார்கள். பெரியவர் சாவியை எடுத்தார். அலமாரியைத் திறந்து, சட்டைகளுக்கு அடியிலிருந்து கேமராவை எடுத்து நீட்டினார்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். முதல் படத்திலேயே அப்பா இருந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர் போல இருந்தார். அவள் வெகு நேரம் அதிலேயே இருந்தாள். இத்தோடு நிறுத்திவிடுவாள் என்று பெரியவர் நினைத்தார். அவள் விரல் அடுத்ததை அழுத்தியது.

தெரு. மேகம். தெரு. ஒரு மெல்லிய மின்னல். பிறகு தெருவே வெளுத்த ஒரு படம்; அதன் இடது ஓரத்தில் படிக்கதவு திறந்திருந்தது. பல்பு வெளிச்சத்தில் ஓர் ஆள் நிலையைப் பிடித்தபடி நின்றான். அடுத்த படத்திலும் நின்றான். அதற்கடுத்ததிலும்.

“கதவுல என்னமோ நிழல் மாதிரி விழுந்திருக்கு,” என்றாள் அவள், நிமிராமல். “பல்புக்கு முன்னால துணி ஏதாவது தொங்கியிருக்கும்.”

அதுவே போதும். ஆமாம் என்று ஒரு சொல்.

“துணி இல்ல,” என்றார். “நான்தான்.”

அவள் நிமிர்ந்தாள்.

“உடனே போனேன்னு சொன்னது பொய். எனக்கு மின்னல்னா பயம். உங்கப்பாவுக்குத் தெரியும்.”

“எவ்வளவு நேரம் நின்னீங்க?”

“எண்ணிப் பாரு. ஒண்ணு இருபது வினாடி.”

அவள் நிஜமாகவே எண்ணினாள். உதடு மட்டும் அசைந்தது. பதினொன்று. பன்னிரண்டாவது படத்தில் வானம் நெடுக ஒரு மின்னல் கிளைத்து இறங்கியிருந்தது. தெருவின் ஒவ்வொரு ஜன்னலும் தெரிந்தது. அவளுடைய அப்பா பத்து வருடம் காத்திருந்த படம் அதுதான். கதவு திறந்திருந்தது, பல்பு எரிந்தது, நிலையில் யாருமில்லை.

“இதுல நீங்க இல்லையே.”

“அதுலதான் வந்தேன்.”

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பெரியவரின் கை கட்டில் சட்டத்தை இறுக்கிக்கொண்டது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“சொல்லிடறேன். அவனை எடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்.”

சொன்னார். கூடத்தில் எல்லோர் காதிலும் விழும்படி, நின்றுகொண்டே, எட்டு ஆறு முதல் எட்டுப் பத்து வரை என்று நேரத்தோடு சொன்னார். தம்பி மனைவி அவரைக் கும்பிடவில்லை. முகத்தைத் திருப்பிக் கணவனின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். உறவுக்காரர் ஒருவர் தொண்டையைச் செருமினார். வண்டி வர இன்னும் கால் மணி நேரம் ஆகுமென்று தகவல் வந்தது.

“முக்காலி இன்னும் மேலதான் இருக்கு,” என்றாள் மகள், பொதுவாக, யாரையும் பார்க்காமல். “நனைஞ்சா துருப்பிடிச்சிடும்.”

பெரியவர் படியேறினார். கதவைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டார். காலடிகளை எண்ணினார். தொட்டிக்கு வெளியே இழுத்துப் போடப்பட்டிருந்த முக்காலியின் முன்னால் மண்டியிட்டார். அதன் இரண்டு கால்கள் மடங்கின. மூன்றாவது மடங்கவில்லை. திருகாணியைக் கண்டுபிடிக்க விரல்களுக்குத் தெரியவில்லை. முதல் துளி பிடரியில் விழுந்தது. மாடி முழுவதும் வெளுத்து, திரும்ப இருண்டது. அவர் அந்தக் காலை விடாமல் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

படிக்கட்டுப் பல்பை யாரோ போட்டிருந்தார்கள். நிலையில் யாருமில்லை.