தையல் மெஷின் பெல்ட்

மூன்றாவது கருவும் ஒன்பதாவது வாரத்தில் கலைந்தபோது, மாமியார் என் தையல் மெஷினின் பெல்ட்டைக் கழற்றி ஒளித்துவைத்தார். மிதி மிதி என்று மிதிப்பதால்தான் பிள்ளை தங்கவில்லையாம். நானா விடுவேன்? அவர் கண்ணெதிரிலேயே உட்கார்ந்து, வந்த துணியையெல்லாம் கையால் தைத்தேன். என் கணவர் பஸ் ஓட்டுநர். எவ்வளவு பெரிய வண்டியையும் சந்துக்குள் திருப்பிவிடுவார். எங்கள் இருவருக்கும் நடுவில் மட்டும் வரமாட்டார்.

பரிசோதனை முடிவுகளைக் கேட்க மூவரும் போனோம். கர்ப்பப்பை, தைராய்டு, சர்க்கரை எல்லாம் சரியாக இருந்தன. பன்னிரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை பார்த்த ரத்தத்தில்தான் விஷயம்.

"உங்க ரத்தம் சட்டுன்னு உறைஞ்சுடுது. அதான் கரு நிக்கல. அடுத்த தடவை உண்டானதும் ஒரு சின்ன மாத்திரை, தினம் வயித்துல ஒரு ஊசி. நிறைய பேருக்கு நல்லபடியா பிறந்திருக்கு" என்றார் டாக்டரம்மா.

"மெஷின் மிதிக்கலாமா?" வேண்டுமென்றே கேட்டேன்.

"தாராளமா. அதனால எல்லாம் கலையாது."

நான் ஜெயித்த மிதப்பில் மாமியாரைப் பார்த்தேன். அவர் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ, தண்ணி வாளி தூக்கினா?"

"அதனாலயும் இல்லம்மா. யார் தூக்கினது?"

"நான்தான். இவன் பிறக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு போச்சு. வாளி தூக்கினதாலதான்னு எங்க மாமியார் சொன்னாங்க. முப்பத்தஞ்சு வருஷமா நானும் அப்படித்தான் நினைச்சிட்டிருக்கேன்."

என் மிதப்பெல்லாம் இறங்கிவிட்டது. வெட்கமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும், தன் துணிகளுக்கு அடியிலிருந்து பெல்ட்டை எடுத்து அவரே மாட்டினார். தலைகீழாக. அவர் அந்தப் பக்கம் போனதும் சரியாக மாட்டிக்கொண்டேன்.

ஐந்து மாதம் கழித்து மறுபடி உண்டானேன். ஊசியிலேயே பிழைக்கும் எனக்கு, என் வயிற்றில் குத்தக் கை வரவில்லை. கணவரோ ஊசியைப் பார்த்ததுமே நாற்காலி தேடினார். கடைசியில் நர்ஸிடம் கற்றுக்கொண்டு, தினமும் காலை ஏழு மணிக்கு மாமியார்தான் போட்டார்.

"வலிக்குதா?"

"நீங்க பேசறதைவிடக் கம்மிதான் அத்தை."

ஒன்பதாவது வாரம் முழுக்க வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மக்கூட இல்லை. பன்னிரண்டாவது வாரம் ஸ்கேனில் இதயத் துடிப்பைப் போட்டுக் காட்டினார்கள். அறை முழுக்கக் கடகடவென்று கேட்டது.

மாமியார் திடுக்கிட்டார். "ஏன் இவ்வளவு வேகமா ஓடுது?"

"அப்படித்தான் ஓடணும்மா" என்றார் டாக்டர்.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உன் மெஷின் சத்தமேதான். மிதிக்கட்டும், நல்லா மிதிக்கட்டும்."