கட்டைவிரலுக்குப் போன பரிசு

மாமனாருக்குப் பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் போன பிறகுதான் அவள் வலைப்பூ எழுத ஆரம்பித்தாள். தண்ணீர் குடித்தாலே புரையேறுகிற மனிதருக்கு எதை மசிப்பது, எதை வடிகட்டுவது என்று மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம். அடுப்படியில் அவளே பட்டுத் தெரிந்துகொண்டது மீதி. தையல் மெஷின்மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ரவிக்கை தைக்கிற நேரம் போக மிச்ச நேரத்தில் அதையெல்லாம் எழுதினாள்.

படிக்க ஆள் வந்தது. வாய் திறக்கத்தான் ஒருவருமில்லை.

"கிணத்துல போட்ட கல்லு மாதிரி இருக்கு தம்பி," என்றாள் கொழுந்தனிடம். கணினிக் கடையில் வேலை பார்க்கும் அவன்தான் வலைப்பூவை அமைத்துக் கொடுத்திருந்தான்.

"பரிசு குடுங்க அண்ணி. மாசத்துல யாரு அதிகமா கருத்து எழுதுறாங்களோ அவங்களுக்குன்னு போடுங்க. தானா பேசுவாங்க."

என்ன பரிசு என்று அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சாப்பிடும்போது கழுத்தில் துண்டு கட்டினால் மாமனார் முகத்தைத் திருப்பிக்கொள்வார், குழந்தை மாதிரி ஆக்கிவிட்டார்களே என்று. அதனால் காலரும் பொத்தானும் வைத்து, பார்வைக்குச் சட்டை போலவே ஒரு மேல்துணி தைத்திருந்தாள். சிந்தினாலும் உள்ளே இறங்காது. அதுபோல ஒன்று தைத்து அனுப்புவதாக அறிவித்தாள்.

அவ்வளவுதான், வலைப்பூ கலகலப்பாகிவிட்டது. பூசணிக்காயில் கொஞ்சம் வெண்ணெய் சேர்த்தால் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது என்று ஒரு பெண் எழுதினாள். அரைத்த சோற்றை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். நடுவில் "கட்டைவிரல்" என்ற பெயரில் ஒருவர். எந்தப் பதிவானாலும் "சூப்பர்" என்று ஒற்றைச் சொல். எப்போதோ எழுதிய பழைய பதிவுகளைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. மாத முடிவில் எல்லாரையும் தாண்டி அவர்தான் முதலில் நின்றார்.

"பரிசுக்கு அடிபோடுற ஆளு அண்ணி. எல்லாத்தையும் அழிச்சிடவா?"

அவளுக்கும் எரிச்சல்தான். ஆனாலும், "அதிகமா எழுதுறவங்களுக்குன்னுதானே சொன்னோம், நல்லா எழுதுறவங்களுக்குன்னு சொல்லலையே. சொன்னா சொன்னதுதான்," என்று, பரிசு அவருக்குத்தான் என எழுதித் தன் போன் எண்ணையும் அனுப்பினாள்.

மறுநாள் மதியம் போன் வந்தது.

"நான்தாம்மா கட்டைவிரல். லாரி ஓட்டிக்கிட்டிருந்தேன், இப்ப வீட்டோட இருக்கேன். பரிசுன்னு எழுதியிருந்தீங்க, எனக்கு ஒண்ணும் புரியலை."

"அதிகமா கருத்து எழுதுனவங்களுக்குப் போட்டி வச்சிருந்தோம் அண்ணே. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா. நான் சமையலை மட்டும்தான் படிப்பேன். என் வீட்டுக்காரிக்கும் உங்க மாமனார் மாதிரியேதான். நீங்க எழுதுறதைப் பார்த்துச் செஞ்சு குடுப்பேன். கிண்ணம் காலியானா ஒரு சூப்பர் போட்டுடுவேன். அதுக்கு மேல எழுத வராது. ஆனா சாப்பிட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லாம எந்திரிக்கிறது மரியாதை இல்லையே."

அவள் மெஷினை நிறுத்தினாள். அந்தக் கடகடப்பு நின்றதும் அவருக்குச் சந்தேகம்.

"இன்னும் இருக்கீங்களாம்மா?"

"இருக்கேன் அண்ணே. அக்காவுக்கு என்ன நிறம் பிடிக்கும்?"

கரும்பச்சை பிடிக்குமாம். அதே நிறத்தில், வெட்ட மனமில்லாமல் வைத்திருந்த ஒரு பட்டுத் துண்டை எடுத்து மேல்துணியின் கழுத்தோரத்தில் வைத்துத் தைத்து அனுப்பினாள். அதைப் போட்டுக்கொண்டு அந்த அம்மா தன் தங்கை வீட்டு விருந்தில் எல்லாரோடும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாராம். உடம்பு முடியாமல் போனதிலிருந்து தனியறையில்தான் சாப்பிட்டு வந்தவர். லாரிக்காரர்தான் போன் பண்ணிச் சொன்னார்.

அவரிடம் கேட்டுக்கொண்டு இதை வலைப்பூவில் எழுதினாள். கொழுந்தன் படித்துவிட்டு, "நல்லவேளை, அழிக்கச் சொல்லி என் கைக்கு வேலை குடுக்காம விட்டீங்க," என்று தலையைச் சொறிந்தான். கருத்துகளை எண்ணும் போட்டியை அத்தோடு நிறுத்திவிட்டார்கள். மேல்துணி வெட்டும் அளவைப் படம் வரைந்து பொதுவில் போட்டாள். தைக்கத் தெரியாதவர்களுக்கு அவளே தைத்தாள், கொழுந்தன் பொட்டலம் கட்டினான்.

பரிசு இல்லாமலே இப்போது கருத்துகள் வருகின்றன. அப்பா இன்று அரைக் கிண்ணம், பெரியம்மா தானே கரண்டி பிடித்தார் என்று. ஒற்றை அடுப்பின் முன்னால் தனியாக நின்றதாக நினைத்திருந்தவளுக்கு, எத்தனை வீட்டு அடுப்போ துணையாக எரிகிறது. யார் யாருக்கோ மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே மாமனாருக்கு ஊட்டும்போது அவற்றை உரக்கப் படிப்பாள். ஒன்றைப் படித்து நிறுத்தினால் அவர் இடதுகையை அசைப்பார், அடுத்தது என்று. அந்த இடைவெளியில் இன்னொரு கரண்டி உள்ளே போய்விடும்.